கையகலத் தளத்தில் எண்ணெய் ஓவியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேன்வாஸ் அல்லாத பொருள்களின் மீது சிறிய எண்ணெய் ஓவியங்களைத் தீட்டுவது, அவற்றைப் பிறருக்குக் கொடுப்பது ஆகியவை குறித்து வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவர்களுடைய கடிதங்கள் ஒரு கேள்வியாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: பெட்டி மூடி, கூழாங்கல், தகரத் துண்டு என்று கைக்குக் கிடைப்பவற்றில் எல்லாம் எண்ணெய் வண்ணத்தால் படம் தீட்டி வருகிறேன். ஓவியத்தை முறையாகப் பயின்ற நண்பர் ஒருவர், இவை கைவேலைகளே தவிர ஓவியங்கள் ஆகமாட்டா என்கிறார். அவர் சொல்வது சரிதானா?

பதில்: கேன்வாஸ்தான் எண்ணெய் ஓவியத்தின் பிறந்த வீடு என்று உங்கள் நண்பர் எண்ணுகிறார் போலும். வரலாறு அப்படி இல்லை. ஐரோப்பாவில் கேன்வாஸ் செல்வாக்குப் பெற்றது 16ஆம் நூற்றாண்டில், பெரும்பாலும் வெனிஸ் நகரத்து ஓவியர்களின் வழியாக. அதற்கு முன்பு மரப்பலகையே வழக்கமான தளமாக இருந்தது. கேன்வாஸ் பரவிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1530ஆம் ஆண்டளவில், இத்தாலிய ஓவியர் செபாஸ்தியானோ தெல் பியோம்போ கற்பலகையின் மீது எண்ணெய் வண்ணத்தைத் தீட்டிக் காட்டினார். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டிலும் செப்புத் தகடு சிறிய ஓவியங்களுக்கு மிகவும் விரும்பப்பட்ட தளமாயிற்று. ஜெர்மானிய ஓவியர் ஆடம் எல்ஷைமர் 1609இல் தீட்டிய, குழந்தை இயேசுவின் குடும்பம் எகிப்துக்குத் தப்பிச் செல்லும் காட்சி ஏறத்தாழ 31க்கு 41 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு செப்புத் தகட்டில் அடங்கியது. நிலவும், நீரில் அதன் நிழலும், பால்வீதியும், காட்டோரத்து நெருப்பும் அந்தச் சிறு தகட்டுக்குள் நெருக்கடியின்றி இடம் பெற்றிருக்கின்றன. இன்று அது மியூனிக் நகரத்து ஆல்ட்டே பினாகோதேக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கைக்குக் கிடைத்ததில் தீட்டுவதற்கும் முன்னோடிகள் உண்டு. 1889ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மெல்போர்னில் டாம் ராபர்ட்ஸ், ஆர்தர் ஸ்ட்ரீட்டன், சார்லஸ் காண்டர் ஆகிய ஓவியர்கள் நடத்திய கண்காட்சிக்குப் பெயரே ‘9க்கு 5’ என்பதுதான். அங்கே வைக்கப்பட்ட ஓவியங்களுள் பல, 9 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் கொண்ட சுருட்டுப் பெட்டி மூடிகளில் தீட்டப்பட்டிருந்தன. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூராவும் தம்முடைய பெரிய ஓவியங்களுக்கான முன்வரைவுகளை அத்தகைய சிறு பலகைகளில்தான் தீட்டிப் பார்த்தார். மெக்சிகோவில் நேர்த்திக்கடனாகத் தகரத்தில் படம் தீட்டிக் கோயிலில் வைக்கும் மரபைப் பின்பற்றி, அந்நாட்டு ஓவியர் ஃப்ரீடா காலோ 1932இல் தம் வாழ்வின் மிகக் கொடிய நிகழ்வுகளுள் ஒன்றைச் சிறிய உலோகத் தகட்டில் தீட்டினார்.

ஆயினும் உங்கள் நண்பரின் பேச்சை முற்றிலும் தள்ளிவிட வேண்டாம். ‘இதைக் கல்லில் தீட்டினேன்’ என்பதைத் தவிர வேறு சிறப்பு இல்லாத படங்கள் ஏராளமாக உலவுகின்றன. உங்கள் படத்தை ஒரு சாதாரணப் பலகையில் இருப்பதாக மனத்தில் மாற்றி வைத்துப் பாருங்கள். அப்போதும் அது பார்க்கத் தகுந்ததாக இருந்தால் நண்பரிடம் வாதாட வேண்டிய தேவையே இல்லை.

கேள்வி: ஒரு பொருள் எண்ணெய் வண்ணத்தைத் தாங்குமா, தாங்காதா என்பதைத் தொடங்குவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? சில படங்கள் ஒரே ஆண்டில் உரிந்துவிடுகின்றன.

பதில்: எண்ணெய் வண்ணம் நீர்வண்ணத்தைப் போல ஆவியாகி உலர்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி, வேதிமாற்றம் அடைந்து, மெல்ல மெல்லக் கெட்டியான ஏடாக மாறுகிறது. அந்த மாற்றத்தில் அதன் எடை சற்றுக் கூடவும் செய்கிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில நாள்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை ஆகலாம். உள்ளே முழுவதும் இறுகப் பல மாதங்கள் ஆகும். இப்படி இறுகிய ஏடு ஆண்டுகள் செல்லச் செல்ல நெகிழ்வை இழந்துகொண்டே போகிறது. இதை மனத்தில் கொண்டால், தளத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவை மூன்றுதான் என்பது விளங்கும்: அது எண்ணெயைக் குடிக்கிறதா, வளைந்து நெளிகிறதா, வண்ணத்துக்குப் பிடிமானம் தருகிறதா?

தாள், அட்டை, துணி, பச்சை மரம் ஆகியவை எண்ணெயைக் குடிப்பவை. எண்ணெய் கீழே இறங்கிவிட்டால் மேலே எஞ்சும் நிறமி பிணைப்பின்றி மங்கித் தூளாகும். கீழே இறங்கிய எண்ணெயோ தாளையும் துணியையும் காலப்போக்கில் மொரமொரப்பாக்கிவிடும். இவற்றுக்கும் வண்ணத்துக்கும் இடையில் ஒரு தடுப்புப் பூச்சு இல்லாமல் தொடங்கக் கூடாது. தோல், மெல்லிய துணி, இறகு, உலர்ந்த இலை ஆகியவை வளைபவை அல்லது சுருங்குபவை. இவற்றின் மீது வண்ணத்தைத் தடிமனாக ஏற்றினால் வெடிப்பு விழுவது உறுதி. கண்ணாடி, பிளாஸ்டிக், மெருகிட்ட உலோகம் ஆகியவற்றில் பிடிமானம் இல்லை.

சோதனை எளிது. அந்தப் பொருளின் பின்புறத்திலோ வேறொரு துண்டிலோ, நீங்கள் திட்டமிட்டிருக்கும் அடிப்பூச்சையும் அதன் மேல் சிறிது வண்ணத்தையும் பூசி, மூன்று வாரங்கள் விட்டுவிடுங்கள். பிறகு நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கோடு மட்டும் விழுந்தால் பரவாயில்லை. ஏடு செதிலாகக் கிளம்பி வந்தால் அந்தத் தளத்தையோ அந்த அடிப்பூச்சையோ மாற்றியாக வேண்டும். மூன்று வாரப் பொறுமை இல்லாதவர்கள்தாம் உரிந்துபோன படங்களைப் பற்றி எழுதுகிறார்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன்.

கேள்வி: அட்டையில் தீட்டிய படங்களைச் சுற்றி எண்ணெய்க் கறை வளையமாகப் படர்கிறது. அட்டையும் வில்லாக வளைந்துவிடுகிறது. அட்டையையே கைவிட்டுவிட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் ஹாம்ப்ஸ்டெட் குன்றில் நின்று தீட்டிய மேக ஆய்வுகள் பல, தாளின் மீது தீட்டப்பட்ட எண்ணெய் ஓவியங்களே. உங்கள் அட்டையின் குறை, அது மூடப்படாமல் இருப்பதுதான். அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சை நீர்த்த பதத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நன்கு உலரவிட்டுப் பூசுங்கள். முன்புறத்தில் பூசிய அளவுக்குப் பின்புறத்திலும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் இழுத்துச் சுருங்குவதாலேயே அட்டை வளைகிறது. வெட்டிய விளிம்புகளை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். எண்ணெய் அங்கேதான் முதலில் நுழையும். உள்ளே நெளிந்த தாள் வைத்த பொட்டலப் பெட்டி அட்டை வேண்டாம். படச்சட்டங்களுக்குப் பயன்படும் அமிலமற்ற கெட்டி அட்டை கிடைத்தால் நீண்ட நாள் நிற்கும்.

கேள்வி: ஆற்றுக் கூழாங்கல், கிளிஞ்சல் ஆகியவற்றை எப்படித் தயார் செய்வது? ஜெஸ்ஸோ பூசினால் கல்லின் இயற்கையான நிறம் மறைந்துவிடுகிறதே?

பதில்: கல்லைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, பல நாள்கள் காற்றில் உலர விடுங்கள். மேலே உலர்ந்திருந்தாலும் நுண்துளைகளில் நீர் நிற்கும்; அந்த நீர் பின்னர் வெளியேறும்போது அடிப்பூச்சைக் கொப்பளமாகத் தள்ளும். மிகவும் வழவழப்பான கல்லானால், படம் வரவேண்டிய இடத்தை மட்டும் நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம்.

கல்லின் நிறம் தெரிய வேண்டும் என்றால் வெள்ளை ஜெஸ்ஸோவுக்குப் பதிலாக நிறமற்ற ஜெஸ்ஸோவைப் பயன்படுத்துங்கள். அது உலர்ந்தபின் சற்றுச் சொரசொரப்பாக இருப்பதால் வண்ணம் வழுக்காது. நான் இதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் கல்லைத் தேர்ந்தெடுத்த காரணமே பெரும்பாலும் அதன் நிறம்தான். சாம்பல் நிறக் கல்லில் ஒரு பறவையைத் தீட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் முதுகும் வயிறும் சேரும் இடத்தில் வரும் நடுத்தர நிழலைத் தீட்டவே வேண்டாம். கல்லே அந்த நிழலாக இருந்துவிடும். வயிற்றின் வெளிச்சப் பகுதியை இளமஞ்சள் கலந்த வெள்ளையால் சற்றுத் தடிமனாகவும், சிறகின் கருமையைப் பழுப்பும் நீலமும் கலந்த மெல்லிய பூச்சாகவும் வைத்தால், இரண்டுக்கும் நடுவில் தீட்டாமல் விட்ட கீற்றே உடலின் உருண்டையைக் காட்டும்.

கிளிஞ்சலின் வெளிப்புறம் வண்ணத்தை நன்றாகப் பிடிக்கும். முத்துப்போல் மின்னும் உட்புறம் பிடிக்காது. உட்புறத்தில் தீட்ட விரும்பினால் தேய்த்துத்தான் ஆக வேண்டும். தேய்க்கும்போது கிளிஞ்சலை நீரில் நனைத்துக்கொண்டே தேயுங்கள். உலர்ந்த கிளிஞ்சல் தூள் நுரையீரலுக்குக் கேடு. கடலில் எடுத்தது என்றால் உப்பு நீங்கும்வரை நன்னீரை மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகே உலர்த்த வேண்டும்.

கேள்வி: பழைய குறுந்தகடுகளில் தீட்டலாமா?

பதில்: தீட்டலாம், தங்காது. நினைவுக்கு ஒரு புகைப்படம் எடுத்துவைத்துக்கொண்டு, அதைப் பயிற்சி என்று கருதுங்கள்.

கேள்வி: தகர டப்பா மூடிக்கும் செப்புத் தகட்டுக்கும் ஒரே முறையா?

பதில்: இல்லை. இரண்டுக்கும் பொதுவானது எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவது. ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்த பிறகு விரல் படாமல் விளிம்பைப் பிடித்தே கையாள வேண்டும். செப்புத் தகட்டை நுண்ணிய உப்புத்தாளால் ஒரே சீராகத் தேய்த்து மினுக்கத்தை மங்கவைத்துவிட்டால் எண்ணெய் வண்ணத்தை நேரடியாகவே ஏற்றலாம். 17ஆம் நூற்றாண்டுச் செய்முறை நூல்கள் அதன் மேல் பூண்டுச் சாற்றைத் தேய்க்கச் சொல்கின்றன. வண்ணம் திரளாமல் படிவதற்கு அது உதவுகிறது. செம்பின் மேன்மை, மரத்தைப் போல ஈரத்தில் உப்பிச் சுருங்காமல் நிற்பதும், எண்ணெயைச் சிறிதும் குடிக்காததும் ஆகும். நானூறு ஆண்டுப் பழமையான செப்போவியங்கள் பல இன்றும் பளிச்சென்று தோன்றுவதற்கு இவை முக்கியக் காரணங்கள். முன்புறத்தை முழுவதும் வண்ணத்தால் மூடிவிடுவது நல்லது. வெற்றிடம் விட்டால் அங்கே செம்பு கறுக்கவும் பச்சை பூக்கவும் கூடும்.

தகரமானது துருப்பிடிக்கும். நீர் கலந்த அக்ரிலிக் ஜெஸ்ஸோவைக் கீறல் விழுந்த தகரத்தின் மீது நேராகப் பூசினால், நீங்களே துருவுக்கு வழிவிட்டவர் ஆவீர்கள். உலோகத்துக்கென்று விற்கப்படும், ஆல்கிட் என்னும் செயற்கைப் பிசின் கலந்த அடிப்பூச்சை இருபுறமும் பூசி, டப்பாவின் மடிப்புகளுக்குள்ளும் அது சென்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோப்பை, தட்டு, கரண்டி ஆகியவற்றில் தீட்டி உணவுக்கும் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. காட்மியம், கோபால்ட், ஈயம் கலந்த நிறமிகள் எண்ணெய் வண்ணங்களில் உண்டு. மேலே வார்னிஷ் பூசுவதால் அது உணவுக்கேற்ற பாத்திரம் ஆகிவிடாது. தீட்டிய பாத்திரம் சுவரில் தொங்கலாம், மேசையில் நிற்கலாம். பரிசாகக் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுப்பது உங்கள் கடமை.

கேள்வி: தீப்பெட்டி அளவுத் தளத்தில் எவ்வளவு நுணுக்கமாகத் தீட்டினாலும் படம் குழம்பிப்போகிறது. மிக மெல்லிய தூரிகையைத்தான் பயன்படுத்துகிறேன்.

பதில்: குழப்பத்துக்குக் காரணம் அந்த மெல்லிய தூரிகையாகத்தான் இருக்கும். சிறிய படம் என்பது பெரிய படத்தைச் சுருக்கியது அன்று. அதில் செய்திகள் குறைவாக இருக்க வேண்டும். மேசை மீது கிடக்கும் ஒரு சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். அரை சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டைத் தூரிகையால் முதலில் மேசையின் நிறத்தைத் தளம் முழுவதும் பரப்புங்கள். அது ஈரமாக இருக்கும்போதே சாவியின் நிழலை ஒரே இழுப்பில் வையுங்கள். சாவியைவிட நிழல்தான் அது படுத்திருக்கும் தளத்தை நம்பவைக்கிறது. அடுத்துச் சாவியின் உடல், சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரே பட்டை. பற்களைத் தனித்தனியே வரையாமல், மேசை நிறத்தைத் தூரிகையின் ஓரத்தில் எடுத்து, பட்டையின் விளிம்பில் இரண்டு மூன்று இடங்களில் உள்நோக்கி வெட்டிவிடுங்கள். இறுதியாக, வளையத்தின் மேல் வளைவில் டைட்டானியம் வெள்ளையை ஒரு புள்ளியாகத் தடிமனாக வைத்து, மீண்டும் தொடாமல் விட்டுவிடுங்கள். அதைக் குழைத்து மென்மையாக்கினால் உலோகம் மரமாகிவிடும்.

ஒரே அமர்வில் முடிக்க முடிவதே இந்த அளவின் பெருவசதி. பல அமர்வுகளில் அடுக்கடுக்காகத் தீட்டுவீர்களானால், கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேல் அடுக்கில் கூடுதலாகவும் இருக்கட்டும். மாற்றிச் செய்தால் மேலடுக்கு முதலில் இறுகி, அடியில் இருப்பது பின்னர் அசையும்போது வெடிக்கும்.

கேள்வி: இணையத்தில் கண்ட புகைப்படத்தைப் பார்த்து ஒரு மரத்துண்டில் தீட்டி நண்பருக்குக் கொடுத்தேன். அதை என்னுடைய சொந்த ஓவியம் என்று சொல்லலாமா? விற்றால் தவறா?

பதில்: தூரிகை பிடித்தது நீங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் காட்சியைத் தேர்ந்தது, ஒளியைக் காத்திருந்து பிடித்தது, எல்லையை வெட்டியது எல்லாம் அந்தப் புகைப்படக்காரர். வேறொருவருடைய புகைப்படத்தைத் தழுவித் தீட்டி விற்பதற்குப் பொதுவாக அவருடைய அனுமதி தேவை. பதிப்புரிமைச் சட்டத்தின் விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறுபடும். வீட்டில் பயிற்சிக்காகச் செய்வதை யாரும் குறை கூறமாட்டார்கள். அப்போதும் பின்புறத்தில் ‘புகைப்படத்தைப் பார்த்துத் தீட்டியது’ என்று எழுதிவிடுங்கள். மறைந்து நெடுங்காலமான ஓவியர்களின் படைப்பைப் பார்த்துத் தீட்டினால், ‘இன்னாரின் ஓவியத்தைப் பின்பற்றியது’ என்று குறிப்பிடுவதே மரபு.

என்னைக் கேட்டால், இத்தனை சிறிய அளவுக்குப் புகைப்படமே தேவையில்லை. ஒரு பொத்தான், உரித்த பூண்டுப் பல், முனை மழுங்கிய பென்சில் ஆகியவற்றுள் ஒன்று எப்போதும் எதிரிலேயே இருக்கும். ஓவியத்தை விற்றாலும் கொடுத்தாலும், எழுதித் தந்தாலன்றி அதைப் படியெடுத்து வெளியிடும் உரிமை பொதுவாகத் தீட்டியவரிடமே இருக்கும் என்பதையும் சேர்த்து அறிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பணம் வாங்கவும் மனம் வரவில்லை, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தால் மதிப்பும் இருப்பதில்லை. என்ன செய்வது?

பதில்: தீட்டுகிறவர்களுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். 1997இல் சூரிச் நகரில் ஒரு சுவிஸ் கலைஞர் தொடங்கிய பழக்கம் ஒன்று இன்றும் பல நாடுகளில் உயிரோடு இருக்கிறது: இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குல அளவில் ஒவ்வொருவரும் கையால் செய்த அட்டைகளைக் கொண்டுவந்து, விற்காமல் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். அளவு பொதுவாக இருப்பதால் யாருடையது பெரிது என்ற பேச்சுக்கு இடமில்லை. ஓவியம் தீட்டாதவர்களுக்குக் கொடுக்கும்போது, கேட்டவருக்குக் கொடுங்கள். கேட்காதவருடைய சுவரில் இடம் பிடிக்க முயல வேண்டாம்.

கேள்வி: தபாலில் அனுப்பிய சிறு ஓவியத்தின் மேல், சுற்றியிருந்த குமிழிப் பிளாஸ்டிக்கின் வட்டங்கள் பதிந்துவிட்டன. வார்னிஷ் பூசிய பிறகுதானே அனுப்பினேன்?

பதில்: வார்னிஷை முன்கூட்டியே பூசிவிட்டீர்கள் என்று தெரிகிறது. மரபான முறையில், வண்ணத்தின் தடிமனைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருந்தே வார்னிஷ் பூசுவது வழக்கம். எல்லா நிறங்களும் ஒரே வேகத்தில் உலர்வதும் இல்லை. அம்பர் பழுப்பு விரைந்து உலரும், காட்மியம் சிவப்பும் டைட்டானியம் வெள்ளையும் சோம்பேறிகள். பரிசளிக்கும் நாள் முன்பே தெரிந்திருந்தால் வண்ணத்தோடு கலக்கும் ஆல்கிட் திரவத்தைப் பயன்படுத்துங்கள். மெல்லிய பூச்சு ஏறத்தாழ ஒரு நாளில் தொடத்தக்க அளவுக்கு உலர்ந்துவிடும்.

நன்றாக உலர்ந்த படத்தைக்கூடப் பிளாஸ்டிக் நேரடியாகத் தொடக் கூடாது. ஓவியத்தின் முகத்தின் மேல் வழவழப்பான கிளாசின் தாளை இட்டு, நான்கு மூலைகளிலும் கெட்டி அட்டைத் துண்டுகளை உயர்த்தி வைத்து, அவற்றின் மேல் மற்றொரு அட்டையை மூடிக் கட்டுங்கள். அழுத்தம் மூலைகளோடு நின்றுவிடும். குமிழி உறை அதற்கு வெளியே வரட்டும். கல்லாக இருந்தால் படம் இல்லாத பக்கத்தைப் பஞ்சில் அமர்த்தி, பெட்டிக்குள் உருளாதபடி நாற்புறமும் அடைக்க வேண்டும். பின்புறத்தில் உங்கள் பெயர், தலைப்பு, ஆண்டு, என்ன தளம், என்ன அடிப்பூச்சு, வார்னிஷ் பூசப்பட்டதா என்பவற்றை எழுதுங்கள். பிற்காலத்தில் அதைத் துடைக்கவோ பழுதுபார்க்கவோ முனைகிறவருக்கு இந்த ஒரு வரியே வழிகாட்டி.

கேள்வி: சிறிய படம்தானே என்று படுக்கையறையிலேயே தீட்டுகிறேன். எண்ணெய் துடைத்த துணிகளை ஒரு பையில் சேர்த்துவைக்கிறேன். ஆபத்து உண்டா?

பதில்: உண்டு, இன்றே அந்தப் பையைக் காலி செய்யுங்கள். ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனை ஏற்று உலரும்போது வெப்பம் பிறக்கிறது. சுருட்டி அடைத்த துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். துணிகளைத் திறந்த வெளியில் தனித்தனியே விரித்து உலர்த்துங்கள், அல்லது நீர் நிரப்பிய, மூடியுள்ள உலோக டப்பாவில் அமிழ்த்துங்கள். எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனைத் தூங்கும் அறையில் வைத்துக்கொள்ள வேண்டாம். சிறிய படத்துக்குக் கரைப்பானே இல்லாமல் தூரிகையைத் துணியில் துடைத்து, தாவர எண்ணெயில் அலசி, பின் சோப்பால் கழுவிவிடலாம்.

கேள்வி: பெட்டிக்குள் பூட்டிவைத்திருந்த படங்களின் வெள்ளை மஞ்சளித்துவிட்டது. மீண்டும் வெள்ளை பூச வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் ஏடு இருட்டில் மஞ்சளிப்பது இயல்பு. வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சள் பெருமளவு நீங்கும். நேர்வெயில் படாத, பகலொளி நன்றாக வரும் சன்னலின் அருகே சில வாரங்கள் வைத்துப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் மஞ்சளானது வண்ணமா, மேலே பூசிய வார்னிஷா என்று பார்க்க வேண்டும். வார்னிஷ் என்றால் அதை மட்டும் நீக்கிப் புதிதாகப் பூசலாம். இனிமேல் வெள்ளைக்கு, ஆளிவிதை எண்ணெய்க்குப் பதில் குசும்பா எண்ணெயில் அரைத்த டைட்டானியத்தைத் தேர்ந்தெடுங்கள். உலரக் கூடுதல் நாளாகும், ஆனால் மஞ்சளிப்பது குறைவு. தனித் துத்தநாக வெள்ளையைத் தவிர்த்துவிடுங்கள். காலப்போக்கில் அது நொறுங்குதன்மை அடைந்து, மேலடுக்கையும் சேர்த்துக்கொண்டு கழன்றுவிடும்.